சரிவில் பத்து அடி

வாருங்கள், இந்தப் பக்கமாக வாருங்கள். வேலி ஓரமாகக் காலை வைக்காதீர்கள், மழைக்கு மண் இளகிக் கிடக்கிறது. இந்தக் கல்லில் உட்காருங்கள். இது சும்மா கிடக்கிற கல்தான். அளவுக்கல் அதோ, சரிவு தொடங்குகிற இடத்தில் வெள்ளை அடித்து நிற்கிறதே, அது. அதை அப்புறம் பார்க்கலாம்.

கீழே டீக்கடையில் வழி கேட்டிருப்பீர்கள். "யாரு, ஆளை வெட்டுனவன் மனையா?" என்று அவன் திருப்பிக் கேட்டிருப்பான். உங்கள் முகத்திலேயே தெரிகிறது. பரவாயில்லை, வருகிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறான். நான் யாரையும் வெட்டவில்லை. கடப்பாரையால் வெட்ட முடியுமா, நீங்களே சொல்லுங்கள். குத்தலாம், நெம்பலாம், அடிக்கலாம். வெட்ட முடியாது. ஒரு மனிதனைப் பற்றிப் பேசினால் சரியாகப் பேச வேண்டும்.

அதனால்தான் மனையைக் காட்டுவதற்கு முன்னால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். ஒளித்து விற்கிற பழக்கம் எனக்கு இல்லை. என் பெயர் குருநாதன். சின்னமனூரில் மாவு மில் வைத்திருக்கிறேன். என் மாவில் ஒரு கல் இருந்தது என்று யாரும் சொன்னது கிடையாது.

கீழே அந்தப் பச்சை வீடு தெரிகிறதா? அங்கே துணி காயப் போடுகிறாள் பாருங்கள், நீலச் சேலை. அவள் வளர்மதி, என் மனைவி. அவள் ஏன் அங்கே இருக்கிறாள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அந்த வீடு தெய்வேந்திரனுடையது. எனக்குச் சகலை. வளர்மதியின் தங்கை கலைமணியைக் கட்டியவன். பஸ்ஸில் கண்டக்டர். ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்று பழகியவன், அதனால் இந்தச் சரிவில்கூடக் கையை வீசிக்கொண்டு நடப்பான். எனக்கு அது வராது. நான் வயல்காட்டுக்காரன். எங்கள் ஊரில் நிலம் என்றாலே மட்டம்தான். மட்டமாக இல்லாவிட்டால் தண்ணீர் எப்படி நிற்கும், நெல் எப்படி விளையும்? என் அப்பா கயிற்றை வரப்பின் மேலே போட்டு இழுத்துப் பிடித்தார் என்றால் அதுதான் அளவு. அந்தக் கயிற்றுக்கு எதிர்ப்பேச்சுப் பேசினவன் அந்தப் பக்கத்தில் இல்லை.

மனை வாங்கிய கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், எல்லோரையும் ஒரே மாதிரித்தான் கூட்டி வந்தார்கள். மனை விற்றவர்களே வேன் அனுப்பினார்கள். மேலே வந்தால் காப்பித் தோட்டத்தை வெட்டிப் போட்டு, வாசலில் வளைவு கட்டி, இரண்டு சிமெண்டு யானை நிறுத்தியிருந்தார்கள். பந்தல், பிரியாணி, பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு குடை. அந்தக் குளிரில் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பையன் வந்து, "சார், கண்ணை மூடி மூச்சை இழுங்க, இதைக் கீழ வாங்க முடியுமா" என்றான். இழுத்தேன். பிரியாணி வாசனைதான் வந்தது. அக்காவும் தங்கையும் குடையை விரித்துக்கொண்டு, கையைக் கோத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் மாதிரி நடந்தார்கள். "அடுத்தடுத்து வீடு கட்டுவோம்க்கா. அடுப்பு ஒண்ணு போதும்," என்றாள் கலைமணி.

அடுத்தடுத்து இரண்டு மனைதான் மிச்சம். இது மேல் மனை, தரை மாதிரி மட்டம். அது கீழ் மனை, முழுக்கச் சரிவு. பத்திரத்தில் இரண்டுக்கும் நீளம் அறுபது அடி, விலையும் ஒன்று. தெய்வேந்திரன் சொன்னான், "அண்ணன் மூத்தவரு. அவரு எடுத்துட்டு மிச்சத்தை எனக்குக் குடுங்க."

நான் மட்டத்தை எடுத்துக்கொண்டேன். நீங்களாக இருந்தால் சரிவையா எடுப்பீர்கள்? அவன் முகம் சுளிக்கவில்லை. அப்போதே எனக்கு லேசாக உறுத்தியது. நல்லதை விட்டுக் கொடுத்துவிட்டு ஒருவன் சிரிக்கிறான் என்றால், கெட்டதில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பூமி பூசை அன்றைக்குத் தெரிந்தது. தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, நாலு மூலைக் கல்லுக்கும் பொட்டு வைத்து முடிந்தது. பொங்கல் வேகட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. டேப் கொண்டு வந்திருந்தேன். என் மனையை அளந்தேன். தரையில் போட்டு, இழுத்துப் பிடித்து, அறுபது. சந்தோஷம். அப்படியே அவனுடையதையும் அளந்து கொடுப்போம், சகலைதானே என்று, இரண்டு மனைக்கும் எல்லையான நடுக்கல்லிலிருந்து, அந்த வெள்ளைக் கல்தான் அது, அவனுடைய கீழ்க்கல் வரைக்கும் சரிவில் டேப்பைப் போட்டு இழுத்தேன்.

எழுபது.

திரும்ப அளந்தேன். எழுபது. வளர்மதியைக் கூப்பிட்டு ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னேன். அவளும் எழுபது என்றாள். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள், "தங்கச்சிக்குத்தான போகுது, விடுங்க."

தெய்வேந்திரனைக் கூப்பிட்டேன். அவன் டேப்பைப் பார்த்தான், சரிவைப் பார்த்தான், அப்புறம் சிரித்தான். "சரிவுண்ணே. தரையோட படுக்கப் போட்டா கூடத்தான காட்டும்? டேப்பை மட்டமாப் பிடிச்சா எனக்கும் அறுபதுதான். மழை பெய்யிறதை நெனச்சுக்கங்க. மேலருந்து விழுகுற மழை ஒங்க மனைக்கும் என் மனைக்கும் ஒரே அளவுதான் விழுகும்."

மழை. நான் மழையையா வாங்கினேன்? மண்ணை வாங்கினேன். அவன் மண்ணில் எழுபது அடிக்குக் காலை வைத்து நடக்கலாம், நான் அறுபதுதான் நடக்கலாம். ஒரே விலை. இதில் என்ன விளங்கவில்லை அவனுக்கு?

நீங்கள் வாயைத் திறக்கும்போதே தெரிகிறது. "உங்களுக்குப் பத்திரப்படி அறுபது இருக்கிறதே" என்று கேட்கப் போகிறீர்கள். எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள், வக்கீல்கூட இதைத்தான் கேட்டார். இருக்கிறது. எனக்குச் சரியாக இருக்கிறது. எனக்குச் சரியாக இருப்பதா இப்போது வழக்கு?

நான் நியாயமாகத்தான் கேட்டேன். கூட இருக்கிற பத்தில் பாதி அவனுக்கு, பாதி எனக்கு. கல்லை ஐந்து அடி கீழே தள்ளி நட்டால் முடிந்தது. பொங்கல் இலையில் உட்கார்ந்து, பக்குவமாக, குரலை உயர்த்தாமல் கேட்டேன். கலைமணி பரிமாறிக்கொண்டிருந்தாள். "மச்சான், நெசமாத்தான் கேக்குறீகளா?" என்றாள். தெய்வேந்திரன் இலையைப் பார்த்துக்கொண்டே, "கிறுக்காண்ணே ஒனக்கு?" என்றான். அதுவரைக்கும் 'ஒங்க' என்று பேசினவன், அன்றைக்குத்தான் 'ஒனக்கு' என்றான். இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

அப்புறம் அவன் வீட்டு வேலையை ஆரம்பித்தான். சரிவைப் படிப் படியாக வெட்டிக் கல்கட்டுப் போட்டான். நான் இங்கே தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மில்லை மச்சினன் பார்த்துக்கொண்டான். பார்க்கப் பார்க்க அந்தப் பத்து அடியும் என் நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். அவன் அங்கே நாரத்தங்கன்று வைத்தான், நான் பிடுங்கினேன். திரும்ப வைத்தான், திரும்பப் பிடுங்கினேன். அவனுடைய மேல் கல்கட்டை நெம்பித் தள்ளினேன். ஒரு கல் உருண்டு போய்க் கொத்தனாரின் கணுக்காலில் விழுந்தது. அந்த ஆள் போட்ட சத்தம் எதிர்மலை வரைக்கும் கேட்டது. நான் கல்லைத்தான் தள்ளினேன், அவர் காலில் தள்ளவில்லை. உருள்வது சரிவின் குணம்.

தெய்வேந்திரன் ஓடி வந்தான். கையில் கொத்தனாரின் ரசமட்டம். தெரியுமில்லையா, தரை மட்டமாக இருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் குமிழி ஓடுமே, அந்தக் கட்டை. அதாலேயே என் வாயில் அடித்தான். இதோ, இந்த இரண்டு பல்லும் அன்றைக்குப் போனதுதான். ரத்தத்தோடு துப்பினேன். குமிழிக் கண்ணாடி உடைந்து அந்தப் பச்சைத் தண்ணீர் என் சட்டையெல்லாம் வடிந்தது. நான் திருப்பி அடிக்கவில்லை. அன்றைக்கு என் கையில் எதுவும் இல்லை.

அதற்கு அப்புறம் கடப்பாரையைக் கையை விட்டு இறக்கவில்லை. இதுதான் அது. தொட்டுப் பாருங்கள், நல்ல இரும்பு. போலீஸ் எடுத்துக்கொண்டு போனது வேறு. இது அதனுடைய ஜோடி.

பெண்கள் இரண்டு பேரும் எங்களைச் சேர்த்து வைத்துவிடலாம் என்று நினைத்தார்கள். ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கொட்டகையில் இரண்டு பேரும் சேர்ந்து சமைத்தார்கள். கோழி அடித்து, உலை வைத்து, பழைய கதை பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டால் மனசு மாறும் என்று ஏற்பாடு. நான் நினைத்தேன், எல்லோரும் இருக்கும்போதே நியாயத்தைச் செய்துவிடுவோம், சாட்சிக்கும் ஆள் இருக்கும் என்று. நடுக்கல்லைச் சுற்றித் தோண்டி, நெம்பி எடுத்து, தோளில் தூக்கிக்கொண்டு ஐந்து அடி கீழே இறங்கினேன். பத்து இல்லை, கவனியுங்கள். ஐந்து. முழுசாக எடுக்கிற புத்தி எனக்குக் கிடையாது.

குழி தோண்டிக்கொண்டிருந்தபோது அவன் கீழேயிருந்து ஏறி வந்தான்.

"வையிண்ணே அதை," என்றான். "எடுத்த எடத்துல வை."

"இதுதான்டா அதோட எடம்."

"அண்ணே, சோறு வேகுது. பொம்பளைக சந்தோசமா இருக்காக. கல்லை வச்சுட்டு வா, சாப்பிடுவோம். நாளைக்கு அடிச்சுக்கிருவோம்."

பார்த்தீர்களா, அப்போதும் சிரிப்பு. கல்லைக் காலால் உருட்டப் பார்த்தான். நான் கடப்பாரையை ஓங்கினேன். வளர்மதி எங்கிருந்து வந்தாள் என்றே எனக்குத் தெரியாது. கொட்டகையில்தானே இருந்தாள்? கரண்டியோடு ஓடி வந்து குறுக்கே விழுந்தாள். ஓங்கினது இறங்கத்தானே செய்யும். தோள்பட்டையில் விழுந்தது. விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவள் கத்தவில்லை. உட்கார்ந்தாள், அப்படியே கல்லுக்குப் பக்கத்தில் சாய்ந்தாள். அது அவளாக வந்து வாங்கிக்கொண்டது. அதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று வக்கீலிடமும் சொல்லியிருக்கிறேன்.

தெய்வேந்திரன் குனிந்தான். எதற்குக் குனிந்தான்? கல்லை எடுத்து என் மேல் போடத்தானே. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு குனிந்தான். நான் அடித்தேன். வலது கை, முழங்கைக்குக் கீழே. ஒரு அடியில் தொங்கிவிட்டது. இன்னொரு அடியும் அடித்தேன் என்கிறார்கள். அடித்திருக்கலாம். அவன் அப்போதும் இடது கையை அவள் கழுத்துக்கு அடியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டுதான் இருந்தான். கல்லை எடுக்க வந்தவன் அவளை ஏன் பிடித்தான் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை.

கலைமணி உலைப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முதுகில் கவிழ்த்தாள். அரிசியும் கொதிக்கிற தண்ணீருமாக. சட்டையைக் கழற்றும்போது தோலும் சேர்ந்து வந்தது. மூன்று பேரையும் ஒரே ஜீப்பில்தான் மலையிறக்கினார்கள். வளைவுக்கு வளைவு ஒருவர் மேல் ஒருவர் சரிந்தோம். அவன் ரத்தம் என் வேட்டியில், என் முதுகுச் சோறு அவன் சட்டையில். வளர்மதி நடுவில். ஆஸ்பத்திரியில் அவன் கையை எடுத்துவிட்டார்கள். கண்டக்டர் வேலை போய், டெப்போவில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள்.

நான் உள்ளே இருந்து வந்த பிறகு கோர்ட் சொல்லி சர்வேயர் வந்தார். அவர் செய்ததைக் கேளுங்கள். நடுக்கல்லைப் பழைய இடத்திலேயே நட்டார். டேப்பை நடுக்கல்லில் ஒருவர் பிடித்தார், இன்னொருவர் கீழே போய் ஒரு நீளக் கம்பை நட்டு, அதன் உச்சியில் டேப்பைக் கட்டி இழுத்தார். அந்தரத்தில். கொஞ்சம் கொஞ்சமாக, படி இறங்குகிற மாதிரி, ஒவ்வொரு இழுப்பிலும் நூலில் குண்டைத் தொங்கவிட்டு. அளந்து முடித்து, "அறுபது," என்றார்.

நான் கேட்டேன், "ஐயா, டேப்புக்கும் தரைக்கும் நடுவுல காத்து இருக்குதே, அதையும் பத்திரத்துல எழுதுவீகளா?"

"அளவு மட்டத்துக்குத்தான்யா," என்றார். "மலையிலயும் அப்படித்தான், கடற்கரையிலயும் அப்படித்தான்."

அந்த ஆளைச் சரிக்கட்டிவிட்டார்கள். வேறென்ன? மண்ணைத் தொடாமல் மண்ணை அளக்கிறவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

வளர்மதி ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அந்தப் பச்சை வீட்டின் அடுப்படி எங்கே இருக்கிறது தெரியுமா? நடுக்கல்லுக்கு நேர் கீழே, அந்தப் பத்து அடிக்குள். அவள் அங்கேதான் சமைக்கிறாள். தாளிக்கிற வாசனை நேராக இங்கே ஏறி வரும். பூண்டு குழம்பு வைக்கிற அன்றைக்கு நான் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொள்வேன். அவளுக்கு வலது கை தோளுக்கு மேலே எழாது. துணி பிழிய வேண்டுமென்றால் தெய்வேந்திரன் வந்து தன் இடது கையால் ஒரு முனையைப் பிடிப்பான், அவள் இடது கையால் இன்னொரு முனையை முறுக்குவாள். ஆளுக்கொரு கை. போர்வையைக்கூட அப்படிப் பிழிந்துவிடுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது. ஆனாலும் வேறு எங்கே பார்ப்பது, நேராக அதுதான் தெரிகிறது.

நான் கல்மனசுக்காரன் இல்லை. அவள் வர வேண்டும் என்றுதான் இதை விற்கிறேன். போன தையில் கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று சொன்னாள். கல்லைத் தாண்ட மாட்டாள், அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவாள். "இதை வித்துருங்க. யாருக்காச்சும் வித்துட்டு மில்லுக்கு வாங்க, அன்னிக்கே நானும் வாரேன். ஒண்ணே ஒண்ணு. அளக்காம வித்துருங்க."

அவ்வளவுதான் அவள் கேட்டது. நானும் சரி என்றுதான் சொன்னேன்.

உங்களுக்கு முன்னால் வந்தவர்களும் நல்லவர்கள்தான். ஒரு வாத்தியார், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர், இன்னொருவர் ஓசூர்ப் பக்கம். இடம் பிடித்தது, விலை பிடித்தது. நான் டேப்பை எடுத்ததும் போய்விட்டார்கள். நான் அதட்டவில்லை, மிரட்டவில்லை. விலையையே குறைக்கிறேன் என்றேன். நான் கேட்டதெல்லாம் ஒரு வாக்கு. "நான் போன பிறகு அந்தப் பத்து அடியை விட்டுவிடாதீர்கள்." இதில் ஓடுவதற்கு என்ன இருக்கிறது?

நீங்கள் ஓட மாட்டீர்கள். உங்கள் தோளைப் பார்த்தாலே தெரிகிறது.

எழுந்திருங்கள், நடுக்கல்லுக்குப் போவோம். மெதுவாக, வழுக்கும். இந்த முனையைப் பிடியுங்கள். சர்வேயர் அளந்தது போதும் என்கிறீர்களா? பத்திரத்தில் இருப்பது போதும், அளக்க வேண்டாம், நாளைக்கே முன்பணம் தருகிறேன் என்கிறீர்களா? சத்தமாகச் சொல்லாதீர்கள். அவள் காதில் விழுந்துவிடும்.

விழுந்துவிட்டது. பாருங்கள், துணியைப் போட்டுவிட்டு ஏறி வருகிறாள். வழக்கமாக மெதுவாகத்தான் வருவாள், இன்றைக்கு எட்டி நடக்கிறாள். தெய்வேந்திரனும் வாசலுக்கு வந்துவிட்டான். அவன் ஒன்றும் செய்ய மாட்டான். நீங்கள் டேப்பை விடாதீர்கள்.

அவள் கல்லுக்கு வந்துவிட்டாள். நிற்கிறாள். உங்களைத்தான் பார்க்கிறாள், நீங்கள் சொன்னதை இன்னொரு தடவை சொல்ல மாட்டீர்களா என்று. சொல்லாதீர்கள். தலையையும் ஆட்டாதீர்கள். ஏன் ஆட்டினீர்கள்?

தாண்டிவிட்டாள். இத்தனை நாளில் இன்றைக்குத்தான் கல்லைத் தாண்டியிருக்கிறாள். முந்தானையை இடது கையால் இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிறாள் பாருங்கள், ஊருக்குப் புறப்படுகிற மாதிரி.

நீங்கள் டேப்பைக் கீழே வையுங்கள். தரையில். தூக்கிப் பிடிக்காதீர்கள், காற்றை அளக்க நாம் வரவில்லை. மண்ணோடு, அப்படியே படுக்க. இன்னும் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். இருங்கள், முனையை நான் கடப்பாரையால் குத்தி நிறுத்திக் காட்டுகிறேன். ஒரே குத்து.

வளர், தள்ளு.

குறுக்கே வராதே, வளர்.